மூன்று நாள் பார்லித் தண்ணீர்

உன் மனைவிக்கு நோயைக் கொடுத்தவன் நீ. அதை டாக்டரிடம் மறைத்தவள் நான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததற்கு, போன மாதம் அவள் வயிற்றைக் கிழித்து இடது பக்கத்துக் கருக்குழாயையும் அதோடு சேர்த்துச் சினைப்பையையும் எடுத்துப் போட்டார்கள். வலது பக்கம் இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யுமா என்று கேட்டால் டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கோமதிக்கு வயது இருபத்து நான்கு. எல்லோரும் நலம் என்று எழுதிக் கடிதத்தைத் தொடங்கும் வழக்கம் எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தில் அந்த வரி இல்லை.

நீ மலையாளம்தான் வேகமாகப் படிப்பாய். தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற மொழி. பள்ளிக்கூடத்தில் அதை விட்டுவிட்டாய், நானும் வற்புறுத்தவில்லை. இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும் கோமதியிடம் கொடுக்கிறேன். அவள் படித்துவிட்டு, நான் எதையாவது விட்டிருந்தால் விரலை வைத்துக் காட்டுகிறாள். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறேன். அதோடு, கொச்சங்காடி குடோனில் என்னோடு சுக்கு தரம் பிரிக்கிற பெண்களுக்கும் சாயா நேரத்தில் இதை வாசித்துக் காட்டப்போகிறேன். உன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. அவர்களுக்கு உன் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.

கல்யாணம் முடிந்து சங்கரன்கோவிலிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தபோது அவளுக்கு மலையாளத்தில் ஒரு சொல் தெரியாது. பதினைந்து நாளில் நீ மும்பைக்குப் போய்விட்டாய். அங்கே ஆறு பேரோடு ஒரே அறையில் இருப்பதாகவும், ஏசி மெக்கானிக் வேலையில் ஊர் ஊராக அலைய வேண்டியிருப்பதாகவும், பெண்ணைக் கூட்டிப்போக வழியில்லை என்றும் சொன்னாய். சரி, என்னோடு இருக்கட்டும் என்றேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில் குடோனுக்கு வரட்டும் என்று நான்தான் கூட்டிப்போனேன். முதல் ஆறு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது ‘வேண்டா’, போதும் என்பதற்கு ‘மதி’, ‘சாயா’ இந்த மூன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பாள். கடைக்காரன் கேட்டால் நான் சொல்வேன், பஸ்ஸில் கேட்டால் நான் சொல்வேன். அவளுக்கு இந்த ஊரில் வாயும் காதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் லீவுக்கு நீ வந்தது நினைவிருக்கிறதா? வந்த மறுநாளே பாத்ரூமுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தாய். என்ன என்று கேட்டேன். ‘ட்ரெயின்ல ஒண்ணரை நாள் இருந்ததுல்ல அம்மா, சூடு பிடிச்சிருக்கு, மூத்திரம் எரியுது’ என்றாய். நான் பார்லி வாங்கிவந்து வேகவைத்து, தண்ணீரை வடித்து, உப்புப் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாள் கொடுத்தேன். உன் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினேன், தொப்புளில் நல்லெண்ணெய் விட்டேன். நீ கூச்சப்பட்டுச் சிரித்தாய். உன் உள்ளாடையை நான்தான் துவைத்தேன். அதில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஐம்பத்து மூன்று வயதுக்காரிக்கு அந்தக் கறை என்னவென்று யோசிக்கக்கூடவா தெரியாது? யோசிக்க வேண்டாம் என்று நினைத்தேன். நான்காம் நாள் உனக்கு எரிச்சல் குறைந்துவிட்டது. நீ அவளோடு அறைக்குள்தான் படுத்தாய். நான் முன்னறையில் படுத்தேன்.

நீ போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். குடோனில் சுக்கு அள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே குனிந்து உட்கார்ந்தாள். ‘அத்தை, அடிவயித்துல சுருக்கு சுருக்குன்னு குத்துது’ என்றாள். ‘இப்பதான போயிட்டு வந்தேன், போன மாதிரியே இல்ல. மறுபடியும் வருது.’ பெண்களுக்கென்று அங்கே இருப்பது பின்னால் தகரக் கதவு போட்ட ஒரே ஒரு கக்கூஸ். மத்தியானத்துக்குள் ஏழு தடவை போனாள். சூப்பர்வைசர் சேட்டன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ‘கோமதிக்கு இன்னைக்கு டூட்டி அவிடெயா?’ என்று கக்கூஸைக் காட்டிக் கேட்டான். ஆண்கள் சிரித்தார்கள். என் பக்கத்தில் முப்பது வருடமாக உட்காருகிற நபீசா அவனைப் பார்த்து, ‘நீ நாளைக்கு பத்து மணிக்கூர் பிடிச்சு வெச்சிட்டு நில்லு சேட்டா, பின்னே சிரிக்கலாம்’ என்றாள். பிறகு என் காதில், ‘புதுப்பெண்ணல்லே, வயத்துல ஆள் வந்திருக்கும். ஆதியத்தில அடிக்கடி போகத் தோணும்’ என்றாள். எனக்கு வலி மறந்துபோனது. அவளுடைய வலியைத்தான் சொல்கிறேன். மருந்துக்கடையில் அட்டை வாங்கிப் பார்த்தோம். ஒரு கோடுதான் விழுந்தது.

கர்ப்பம் இல்லை என்றால் சூடு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். உனக்குத் தடவிய அதே டப்பாவிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அவள் பெருவிரலிலும் தடவினேன். அதே பார்லி, அதே நல்லெண்ணெய், காலையில் ஊறவைத்த வெந்தயம். உனக்கு மூன்று நாளில் குறைந்தது, அவளுக்குக் குறையவில்லை. குடோனில் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். ஒருத்திக்கு இதே இடத்தில் வலித்து, பார்த்தால் கல் இருந்ததாம். இன்னொருத்தி மணிக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்தாள், சோதித்ததில் சர்க்கரை ஏறிக்கிடந்தது. வேறொருத்திக்கு வெறும் மூத்திரக் கிருமி, ஐந்து நாள் மாத்திரையில் போயே போய்விட்டது. நான்காமவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, அது மூத்திரப்பையை அழுத்திக்கொண்டிருந்ததாம். யாரும் பொய் சொல்லவில்லை. இத்தனையாலும் இந்த வலி வரும் என்பதைப் பிறகு நானே ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும் அந்த வட்டத்தில் யார் வாயிலும் வரவில்லை. வராது. கல்லைப் பற்றிப் பேசினால் யாருடைய மகனுக்கும் கெட்ட பெயர் இல்லை.

தோப்பும்படியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு மூத்திரத்தில் கிருமி வருவது சகஜம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது, திரும்ப வந்தது. இன்னொரு மாத்திரை, இன்னொரு பத்து நாள். இப்படியே மூன்று மாதம் போனது. அதற்குள் நீ ஒரு தடவை வந்து போய்விட்டாய். பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு, ஆனால் பொறுமையாகப் பார்த்தார். சர்க்கரை பார்த்தார், இல்லை. ஸ்கேன் எடுத்தார், கல் இல்லை, அன்று கட்டியும் இல்லை. மூத்திரத்தில் சீழ் இருக்கிறது, ஆனால் வளர்த்துப் பார்த்தால் கிருமி ஒன்றும் முளைக்கவில்லை, இது சாதாரணக் கேஸ் இல்லை என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கோமதியின் முகத்தைப் பார்த்து மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். கோமதி என் முகத்தைப் பார்த்தாள்.

இதை நான் சுற்றி வளைக்காமல் எழுத வேண்டும். வெள்ளைப் படுகிறதா, அதில் நாற்றம் இருக்கிறதா என்று கேட்டார். நான் அவளிடம் கேட்காமலே ‘இல்லா’ என்றேன். சேரும்போது வலிக்கிறதா என்று கேட்டார். ‘இல்லா’ என்றேன். கடைசியில், ‘பர்த்தாவினு மூத்ரம் ஒழிக்கும்போள் எரிச்சில் உண்டாயிருந்நோ?’ என்று கேட்டார். உனக்கு அதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. அவளுக்குத்தான் தேவைப்பட்டது. கணவனுக்கு மூத்திரம் போகும்போது எரிச்சல் இருந்ததா என்பது கேள்வி. மூன்று நாள் பார்லி வேகவைத்த கை என்னுடையது. ‘அவன் நல்ல பையன், டாக்டரே. அவனுக்கு ஒரு அசுகமும் இல்லா’ என்றேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். ‘பர்த்தா வரும்போது கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரையும் பரிசோதிக்க வேண்டும், அதுவரை ஒன்றாகப் படுக்க வேண்டாம்’ என்று சொன்னார். அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. கோமதி கேட்டாள், ‘இவ்வளவு நேரம் என்ன அத்தை பேசினாங்க?’ நான் சொன்னேன், ‘ஒண்ணும் இல்ல மோளே. தண்ணி நல்லா குடிக்கச் சொன்னாங்க.’

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கமாட்டாய், ஆனால் சொல்கிறேன். அந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை, அதை யாராவது வாய்விட்டுக் கேட்டதுதான் புதிது. உன் அப்பா போட் எஞ்சின் மெக்கானிக். சீசனில் மங்களூர், மல்பே என்று போனால் இரண்டு மாதம் கழித்து வருவார். கல்யாணமான இரண்டாம் வருடம் ஒரு நாள் தோப்பும்படியிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். ‘எந்தா ஆச்சு?’ என்றேன். ‘நாய் கடிச்சுது, ஊசி போட்டாங்க’ என்றார். காலிலும் இல்லை, கையிலும் இல்லை, பல் பட்ட இடம் உடம்பில் எங்கேயும் இல்லை. அந்த வாரத்தில் அவருக்கு மூன்று ஊசி போட்டார்கள். வேலையிடத்தில் நபீசா, ‘உன் மாப்பிள்ளையைக் கடிச்ச நாய் எந்த ஊரு? மல்பேயா?’ என்று கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் பேச்சு அதோடு முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உன் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது. எனக்கு ஊசி போட வேண்டும் என்று அவருக்கோ, போட்ட டாக்டருக்கோ தோன்றவில்லை.

பிறகு வந்த வருடங்களில் எனக்கு அடிவயிறு வலிக்காத மாதம் இல்லை. குனிந்தால் வலி, மூத்திரம் போனால் வலி, போகாவிட்டாலும் வலி. நான் பெருவிரலில் சுண்ணாம்போடு வேலைக்குப் போனேன். இரண்டு கரு கலைந்தது. அதற்குப் பிறகு நீ. உனக்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. ஒரே பிள்ளை போதும் என்று நாங்கள் நினைத்ததாக உன்னிடம் சொல்லி வளர்த்தேனே, அது பொய். எனக்கு இருந்தது இதே நோய்தான் என்று இன்று என்னால் நிரூபிக்க முடியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் அன்று என்னை யாரும் சோதிக்கவில்லை. ஆணுக்கு எரிந்தால் ஊசி. பெண்ணுக்கு எரிந்தால் சுண்ணாம்பு. இந்த ஊரில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இப்படித்தான் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள், அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை என்னைப் போன்ற பெண்கள் செய்கிறோம். உன் அப்பா இறந்தபோது நான் அழுதது உனக்குத் தெரியும். பத்தாம் நாளில் அந்த நாயின் நினைவு வந்து, அழுகை அப்படியே நின்றுபோனது உனக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை நீ வந்து போன பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும், சாக்கைப் பிடித்து இழுத்தவள் சத்தமே இல்லாமல் சுக்குக் குவியல்மேல் சாய்ந்தாள். முகமெல்லாம் சுக்குத் தூசி. உடம்பு கொதித்தது. அன்று அவிடெயா டூட்டி என்று சிரித்த சேட்டன்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, குழாயில் சீழ் கட்டிப் பை மாதிரி வீங்கியிருக்கிறது, உடையும் நிலையில் இருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்து யார் போடுவது என்று கேட்டார்கள். உனக்கு நான்கு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கோமதி தானே போட்டாள்.

ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வந்தாள். நம் எல்லையோரத்துச் சித்தூர் பக்கத்துப் பெண், வீட்டில் தமிழ் பேசுகிறவள். கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, ‘அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க’ என்றாள். ‘அவளுக்கு பாஷை அறியாது, நான் கூட இருந்தாத்தான் நடக்கும்’ என்றேன். ‘எனக்குத் தமிழ் அறியும். நீங்க நில்லுங்க’ என்றாள். வராந்தாவில் நின்றேன். பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் கோமதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெள்ளைப் படுவதை, நாற்றத்தை, நீ பக்கத்தில் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததை, நீ பார்லித் தண்ணீர் குடித்ததை. ஒரு வருடமாக யாராவது கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். தமிழில் கேட்டதும் சொல்லிவிட்டாள்.

நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ‘இது உடம்பு சேர்றதுல ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போற கிருமி. ஆம்பளைக்கு நாலு நாள் எரியும், அப்புறம் ஒண்ணும் தெரியாது, ஆனா உள்ள இருக்கும். சில பேருக்கு எரியக்கூட எரியாது. பொம்பளைக்கு அது மேல ஏறி கர்ப்பப்பை, குழாய்னு போயிடும். அவர் எப்ப வாங்கினார், எங்க வாங்கினார்னு நான் கேக்கல. கல்யாணத்துக்கு முன்னாடியேகூட இருந்திருக்கலாம். அவரும் சோதிச்சு மருந்து சாப்பிடணும், முடிஞ்சு ஒரு வாரம் தள்ளி இருக்கணும். இவளுக்கு மட்டும் மருந்து கொடுத்தா, அவர் வந்ததும் மறுபடி வரும். மறுபடி வந்தா அந்தப் பக்கத்துக் குழாயும் போயிடும்.’ நோயின் பெயரைச் சொன்னாள், என் வாயில் வரவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்தாள். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் இந்தச் சீட்டைக் காட்டலாம், பெயர் வெளியே போகாது என்றாள். அந்தச் சீட்டைத்தான் அன்றே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன்.

வார்டில் அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள், தலையைத் துவட்டினால் காட்டினாள். மூன்றாம் நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: ‘அத்தை, அன்னைக்கு டாக்டரம்மா ரொம்ப நேரம் பேசினாங்களே. தண்ணி குடின்னு சொல்றதுக்கு அவ்வளவு நேரமா ஆகும்?’ நான் சொன்னேன். எல்லாவற்றையும், ஒவ்வொரு கேள்வியாக, என் பதிலோடு சேர்த்துச் சொன்னேன். அவள் அழவில்லை. ‘எங்க அம்மாவா இருந்தா என்கிட்ட கேட்டிருப்பாங்களா?’ என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே, ‘அவங்களும் கேட்டிருக்க மாட்டாங்க’ என்றாள். அவள் வீட்டுக்கு இன்னும் விஷயம் தெரியாது. குடல்வால் ஆப்பரேஷன் என்று சொல்லியிருக்கிறாள். ‘அதுதான் விசேஷம் தள்ளிப்போகுதா?’ என்று அவள் அம்மா போனில் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. குழந்தைக்காகக் கோவிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். யாருக்காக நேர்வது? குறை உன்னிடம் இருக்கிறது, மொட்டை போட வேண்டியவள் அவளா?

அதற்குப் பிறகு நீ போன் எடுத்தாய். உன் வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், அவளும் படிக்கட்டும் என்றுதான். ‘எனிக்கு ஒரு அசுகமும் இல்ல அம்மா. நான் நல்லா இருக்கேன்’ என்றாய். சீட்டைப் பார்த்தாயா என்றேன். ‘அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க வெறுதே பயப்படுத்துறது’ என்றாய். நீ சோதித்தாயா என்று மறுபடி கேட்டேன். அப்போதுதான் சொன்னாய்: ‘அவ ஊர்ல எப்படி இருந்தாளோ, ஆருக்கு அறியும்?’ ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கோமதி கட்டிலில் படுத்திருந்தாள். தையல் பிரிக்காத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

உன் அப்பாகூட அப்படிச் சொல்லவில்லை. நாய் என்றார், என்னைச் சொல்லவில்லை. நீ அவரையும் தாண்டிவிட்டாய், தாண்ட வைத்தவள் நான். பன்னிரண்டு வயதில் நீ பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு வந்து நின்றபோது, என் மகன் வீட்டில்தான் இருந்தான் என்று முதல் பொய் சொன்னேன். பத்தொன்பது வயதில் நீ இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் இருந்ததற்கு உன் அப்பாவிடம் இன்னொன்று. டாக்டரிடம் சொன்னதும் அந்த வரிசையில் வந்ததுதான். உனக்கு எது வந்தாலும் நடுவில் அம்மா நின்று வேறொன்றாக மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று நீ பழகிவிட்டாய். அது பாசம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாசத்துக்கு இன்னொருத்தியின் உடம்பிலிருந்து வெட்டிக் கொடுத்திருக்கிறோம்.

ஒழுக்கத்தைப் பற்றி உனக்குப் பாடம் நடத்த நான் இதை எழுதவில்லை. மும்பையில் நீ எங்கே போனாய், யாரோடு போனாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அங்கே இருக்கிற பெண்ணுக்கும் இதே கதி வந்திருக்கும், அவளுக்கும் யாராவது சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்கள், அதை நினைத்தால் எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். பக்கத்தில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. சீட்டைக் காட்டு. சோதித்துக்கொள். மருந்தைச் சாப்பிடு. ஒரு வாரம் கழித்து, அந்தக் காகிதத்தோடு வா. வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் ஆறு பேர் நிற்கிற அறையில் கால்களை விரித்துப் படுத்திருந்தாளே கோமதி, அவளுக்கும் வெட்கம் இருந்தது.

நேற்று ஆசாரியைக் கூப்பிட்டு உள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். இத்தனை வருடம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, நம் வீட்டில் யாருக்கும் அது தேவைப்பட்டதாக நாம் நினைத்ததில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. காகிதம் இல்லாமல் நீ வந்தால் உனக்கு முன்னறைதான், நானும் அவளும் உள்ளே. இனி இங்கேயே இருப்பதா, ஊருக்குப் போவதா என்று அவளைக் கேட்டேன். ‘அவர் மொதல்ல மருந்து சாப்பிடட்டும் அத்தை. அதுக்கு மேல நான் யோசிக்கிறேன்’ என்றாள். அவள் போவதாகச் சொன்னால் நான்தான் ரயில் ஏற்றிவிடுவேன். இனிமேல் அவளோடு டாக்டரிடம் போகும்போது நான் வெளியே நிற்கிறேன். அவள் மலையாளம் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். நபீசா சொல்லிக்கொடுக்கிறாள். முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம், ‘எனிக்கு வேதனை உண்டு’.

இதுவரை எழுதியதை அனுப்பி ஐந்து நாள் ஆகிறது. எல்லாப் பக்கத்துக்கும் கீழே நீலக் குறி விழுந்துவிட்டது. எழுத்துக்கூட்டியாவது படித்துவிட்டாய். இன்று மத்தியானம் உன்னிடமிருந்து செய்தி வந்தது: ‘டிக்கெட் கன்ஃபார்ம். வெள்ளிக்கிழமை காலையில வீட்டுக்கு எத்தும். கரிமீன் வாங்கி வைக்கணும்.’ கோமதியிடம் போனைக் கொடுத்தேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, ‘இதுல பதில் எங்க இருக்கு அத்தை?’ என்று கேட்டாள். எங்கே இருக்கிறது? சோதித்தாயா, இல்லையா? மருந்து சாப்பிட்டாயா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. காகிதத்தை அனுப்பு.